பாதிக் கூரைக்கு ஒரு எஸ்டிமேட்

எஸ்டிமேட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை பரபரக்கும். யாராவது வீட்டுக் கூரையை மாற்றப் போகிறேன், மேஸ்திரி வந்து எஸ்டிமேட் கொடுத்துவிட்டுப் போனார் என்று சந்தோஷமாக வந்து சொன்னால், நான் கோர்ட்டு வக்கீல் மாதிரிக் குடைய ஆரம்பித்துவிடுவேன். ஏணி வைத்து ஏறினானா, கீழேயிருந்தே அண்ணாந்து பார்த்தானா? நாலு ஓடுகளைப் பெயர்த்து மரத்தைத் தட்டிப் பார்த்தானா? பிரித்துப் போட்டிருக்கும்போது மழை வந்தால் யார் பொறுப்பு? பழைய மரம் யாருக்கு? இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, பக்கத்து வீட்டுக்காரனோடு உனக்குப் பேச்சுவார்த்தை உண்டா என்று கேட்பேன். அதற்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று விழிப்பார்கள். எங்கள் வீட்டில் ரத்தம் கொட்டியதே அந்தச் சம்பந்தத்தில்தான்.

நான் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, மாமல்லபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் கணவர் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், கேளம்பாக்கம் உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றிவரும் வண்டிக்காரர். ஒருவர் கையில் சாக்பீஸ், ஒருவர் கையில் சாட்டை. கோபம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே அச்சு. என் கணவருடையது உள்ளேயே புழுங்கும், மூத்தாருடையது உடனே வெளியே வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமனாரின் கருமாதிச் சாப்பாட்டு இலையை எடுப்பதற்கு முன்பே அடிதடி. மாமனார் வாங்கிய காளை ஜோடி யாருக்கு என்று ஆரம்பித்தது. "வாத்தியாருக்கு எதுக்குடா மாடு? பாடம் சொல்லிக் குடுக்கவா?" என்று மூத்தார் கேட்க, இவர் ஏதோ பதில் சொல்ல, பித்தளைச் சொம்பு பறந்து வந்தது. என் கணவரின் புருவத்தில் கடைசிவரை ஒரு தழும்பு இருந்தது, அது அந்தச் சொம்பின் விளிம்பு.

அதோடு பாகம் பிரித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து கயிறு பிடித்துத் தரையை அளந்து, வீட்டின் நடுவில் ஒரு மண் சுவர் எழுப்பச் சொன்னார்கள். சுவர் ஆள் உயரத்தோடு நின்றது. அதற்கு மேல் கூரைவரை திறந்த வெளி. தரையைப் பிரித்தவர்களுக்குத் தலைக்கு மேல் இருப்பதைப் பிரிக்கத் தோன்றவில்லை. அவர்கள் வீட்டு மீன் குழம்பு எங்கள் மூக்கில் ஏறும். எங்கள் பேச்சு அவர்கள் காதில் விழும். மூத்தார் பெண்டாட்டியை அறைந்தால் அந்தச் சத்தம் எங்கள் சோற்றுத் தட்டில் வந்து விழும். நாங்கள் எதற்காவது சிரித்துவிட்டால் அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் உருளும்.

கூரை ஒன்றுதான். பழைய நாட்டு ஓடு. முகட்டில் நீளவாக்கில் ஓடும் பெரிய மரத்தை மோட்டுவளை என்போம். அதுவும் ஒன்றுதான், இரண்டு பாகத்துக்கும் சேர்த்து ஒரே பனைமரம். அதை நடுவில் தாங்கிய தூண், சுவர் கட்டியபோது ஒரு கை தூரத்தில் அவர்கள் பக்கம் போய்விட்டது. தூண்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். மாட்டுக்குச் சண்டை போட்டவர்கள் தூணுக்குச் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.

அடுத்து வந்த ஐப்பசி மழையில் என் மூத்த பெண் செத்துப்போனாள். குப்புற விழுந்து தவழப் பழகிக்கொண்டிருந்தவள். கூரை எங்கே ஒழுகும், எங்கே ஒழுகாது என்று சொல்ல முடியாது. கடல் காற்று திரும்பினால் ஒழுக்கும் திரும்பும். அண்டா, சட்டி, சொம்பு எல்லாவற்றையும் வைத்துவிட்டு மிச்சமிருக்கும் உலர்ந்த இடத்தில் அவளைப் போடுவேன். போட்ட இடத்திலும் சொட்டும். அவளைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை மாறிக்கொண்டே இருந்தேன். பிறகு இருமல் பிடித்தது. நாய்க்குட்டி குரைப்பது போல ஒரு இருமல், அதற்குப் பிறகு மூச்சு இழுக்கும்போது ஒரு கீச்சு. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ரோட்டில் தண்ணீர், பஸ் வரவில்லை. வாசலில் மூத்தாரின் வண்டி நின்றது. காளைகள் கொட்டிலில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. இவர் கேட்கவில்லை. அவர் தரவில்லை. எங்கேயோ ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு போனபோது, திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டாள்.

எனக்கு அந்த இரண்டு ஆண்பிள்ளைகளையும் கொல்ல வேண்டும் போல இருந்தது. அழுகையைவிட அந்த வெறிதான் அதிகமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுபடி நான் முழுகாமல் இருந்தேன். கணக்குப் பார்த்தால் பிரசவம் அடுத்த வருஷம் அதே ஐப்பசியில் விழுந்தது. என் அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டதால் தாய்வீடு என்று போய் விழ ஓர் இடம் இல்லை. அந்தக் கூரைக்கு அடியில்தான் பெற வேண்டும். என் கணவர் ஓலை வாங்கி மேலே போட்டுச் சமாளிக்கலாம் என்றார். நான் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பர் மேல் எறிந்தேன்.

"இத்த வித்துட்டு சீமை ஓடு போடுங்க. இந்தப் புள்ள மேல ஒரு சொட்டுத் தண்ணி வுழுந்துச்சுன்னா, உங்களையும் உங்க அண்ணனையும் ஒரே கிணத்துல தள்ளிடுவேன்."

ஆவணியில் செங்கல்பட்டிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். வெற்றிலை போட்ட வாயோடு எங்கள் பக்கத்தை அளந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், சுவரைத் தட்டினார். பிறகு, "மோட்டுவளை எங்க போயி உக்காந்துகினு கீதுன்னு பாக்கணும் சார். கொஞ்சம் அந்தாண்ட வூட்டுக்குப் போயிட்டு வரட்டா?" என்றார்.

என் கணவரின் முகம் கல்லானது. "அந்தாண்ட பாக்காதே. அவங்களோட பேச்சு இல்ல. இந்தாண்டதான் என் வூடு. இந்தாண்டைக்கு எவ்ளோ ஆவும்னு சொல்லு."

"பாக்காம எப்படி சார்..."

"இந்தாண்டைக்குச் சொல்லுன்னேன்ல?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் இவரைவிட ஒரு படி மேலே போய், "அந்த வூட்டு மூஞ்சியில முழிச்சுட்டு வந்து எங்க வேலையை ஆரம்பிக்காதீங்க" என்றேன். மேஸ்திரி தோளைக் குலுக்கிவிட்டு, மங்களூர்ச் சீமை ஓடு, அதைத் தாங்கக் கைமரம், ரீப்பர், கூலி எல்லாம் கூட்டி ஒரு தொகை சொன்னார். சங்கிலி விலைக்குள் அடங்கியது. எங்களுக்கு வாயெல்லாம் பல்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூத்தாரின் குரல் வந்தது. யாரிடமோ சொல்வது போல, எங்களுக்கு. "பாதி வூட்டுக்குச் சீமை ஓடாம்டி. பாதித் தலைக்கு மொட்டை அடிச்சா மாதிரி."

என் ஓரகத்தி, மூத்தார் பெண்டாட்டி, சிரிக்கவில்லை. அவள் மடியில் தைமாசம் பிறந்த ஆண்குழந்தை ஒன்று இருந்தது. என் பெண் போன பிறகு பிறந்தவன். அவன் அழுகிறபோதெல்லாம் எனக்கு மார்பு கனக்கும். அவனை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

ஓடு செங்கல்பட்டு ஸ்டேஷனில் வந்து இறங்கியது. அதைக் கொண்டுவர என் கணவர் திருக்கழுக்குன்றத்து வண்டி ஒன்றைப் பேசினார். அண்ணன் வண்டிக்காரர், வாசலிலேயே வண்டி, வெளியூர் வண்டி வந்து தெருவில் நின்று ஓடு இறக்குகிறது. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. மூத்தாருக்கு அது போதும். உள்ளே போனவர் கடப்பாரையோடு வந்தார்.

"டேய் வாத்தி! ஊர்ல எவன் வண்டியும் ஆவும், உன் கூடப் பொறந்தவன் வண்டி ஆவாதா?"

"புள்ள சாவக் கெடக்கும்போது நின்னுகினு இருந்த வண்டிதானே?" என்றார் என் கணவர். ஒரு வருஷமாக உள்ளே வைத்திருந்ததை அவர் வாயைத் திறந்து சொன்னது அன்றைக்குத்தான்.

மூத்தார் கடப்பாரையை ஓங்கி, அடுக்கி வைத்திருந்த ஓட்டில் இறக்கினார். மறுபடி இறக்கினார். சிவப்புத் தூள் பறந்தது. என் கணவர் பாய்ந்து அவர் மூக்கில் குத்தினார். மூத்தார் ஒரே அறையில் அவரைத் தரையில் உட்கார வைத்தார். நான் போய்க் கீழே விழுந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்து மூலையில் சாத்தினேன். "ஒடச்ச ஓட்டுக்கு இது ஈடு" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். யாரும் திருப்பிக் கேட்க வரவில்லை.

புரட்டாசியில் எங்கள் பக்கத்துக் கூரையைப் பிரித்தார்கள். அடுப்பங்கரையில் நின்றால் வானம் தெரிந்தது. மோட்டுவளை எங்கள் பக்கம் உளுத்துப்போய் விரலால் குத்தினால் மாவாய் உதிர்ந்தது. அதை வெட்டி எடுத்துப் புது மரம் வைக்க வேண்டும். தச்சர் மேலே ஏறி, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, அப்படியே இறங்கி வந்துவிட்டார். மேஸ்திரியிடம் கிசுகிசுத்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"அம்மா, வெட்டற எடம் நம்மகிட்ட இல்ல. தூணு அந்தாண்ட கீது. தூணு மேல வெச்சு வெட்னாதான் அவங்க வளையும் நம்ம புது வளையும் அது மேல நிக்கும். இந்தாண்ட சுவத்தோட வெட்னா, நமக்கு எஸ்டிமேட்ல இல்லாத ஒரு தூணு நடணும், அவங்க பக்கத்து நுனியும் அந்தரத்துல தொங்கும்."

"எஸ்டிமேட் குடுக்கும்போது உன் கண்ணு எங்க போச்சு?"

"நீங்கதானேம்மா பாக்காதேன்னீங்க?"

அவரை ஏதாவது செய்திருப்பேன். வயிறு பெரிதாக இருந்ததால் தப்பித்தார்.

கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. என் கணவர் சுவருக்கு அருகில் போய் நின்றார். கருமாதிக்குப் பிறகு முதல் தடவையாக, "அண்ணே" என்று கூப்பிட்டார்.

அந்தப் பக்கம் தூளி ஆட்டும் சத்தம் நின்றது.

"அண்ணே, மோட்டுவளையை உன் தூணு மேல வெச்சு வெட்டணும். அரை நாள் வேலை. வெட்டிட்டு உன் பக்கத்த நானே சரி பண்ணித் தர்றேன்."

"அந்த வளையிலதான் என் புள்ள தூளி தொங்கிகினு கீது" என்றார் மூத்தார். "ரம்பம் வெச்சே, கைய வெட்டிருவேன்."

"தூளிய அவுத்து வேற எடத்துல கட்டேன்."

"அவுக்க மாட்டேன்."

"தம்பி கேக்குதுங்க, அவுத்துத்தான் குடுங்களேன்" என்று ஓரகத்தி சொல்வது கேட்டது. உடனே அறை விழுந்த சத்தமும் கேட்டது.

கூலிக்காரர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சகோதரச் சண்டையில் கை வைக்க மாட்டோம் என்றார் தச்சர். என் கணவர் வாத்தியார் ஜிப்பாவைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார். மடித்துக் கொடுத்தார், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம். பிறகு ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். முருங்கை மரத்தில்கூட ஏறாத மனிதர். ஓடு நீக்கிய முகட்டில் குதிரை மேல் உட்காருவது போல உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து சுவரைத் தாண்டி, அந்தப் பக்கம் சில ஓடுகளைப் பெயர்த்துவிட்டு ரம்பத்தை வைத்தார். மரத்தூள் விழ ஆரம்பித்தது.

மூத்தார் வெட்டுக்கத்தியோடு தெருவுக்கு வந்தார். அவர்களிடம் ஏணி இல்லை. எங்கள் ஏணிக்குத்தான் வந்தார். நான் குறுக்கே நின்றேன். என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு நாலு படி ஏறிவிட்டார். எனக்கு எட்டியது அவருடைய கெண்டைக்கால்தான். கடித்தேன். பல் இறங்கும்வரை கடித்தேன். உப்பு வண்டிக்காரர் கால், உப்புக் கரித்ததா ரத்தம் கரித்ததா தெரியாது. அவர் அலறிக்கொண்டு உதைத்தார். உதை தோளில் பட்டது. வயிற்றில் படக் கூடாதென்று பார்த்து உதைத்தாரா, குறி தப்பியதா என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை.

மேலே இரண்டு பேரும் எதிரெதிராக நின்றதைத் தெருவே பார்த்தது. யாரும் ஏறவில்லை. "வேணாம்டா, வேணாம்டா" என்று கீழேயிருந்து கத்தினார்கள். வெட்டுக்கத்தி வீசியது. என் கணவர் ரம்பத்தைக் குறுக்கே பிடித்தார். கத்தி ரம்பத்தில் பட்டு வழுக்கி அவருடைய இடது கைச் சுண்டுவிரலில் பாதியைக் கொண்டுபோனது. அவர் ரம்பத்தைத் திருப்பி வீசினார். மூத்தாரின் கன்னம் காதுவரை கிழிந்தது. பிறகு இரண்டையும் போட்டுவிட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்றுகூட நினைத்திருப்பார்கள். அப்படியே உருண்டார்கள். மூத்தார் பக்கத்து நாட்டு ஓடும் அதன் அடியிலிருந்த மூங்கிலும் இரண்டு ஆளைத் தாங்கவில்லை. ஒரு பெரிய ஓசையோடு கூரை வாயைத் திறந்து அவர்களை விழுங்கியது.

நான் ஓடினேன். அவர்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே போனேன். புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. முதலில் தெரிந்தது தூளிதான். அது நிறைய உடைந்த ஓடு.  அப்புறம்தான் மூலையில் ஓரகத்தி குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ரம்பச் சத்தம் கேட்டவுடன் குழந்தையை எடுத்திருக்கிறாள். புருஷன் பேச்சை அவள் கேட்காமல் போனது அன்றைக்கு அந்த ஒன்றில்தான்.

மூத்தாரின் வலது கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் மடிந்து கிடந்தது. சாட்டை பிடிக்கிற கை. அவர் அலறவில்லை. கிழிந்த கன்னத்தோடு, ஓடுகளுக்கு நடுவில் எழுந்து உட்கார்ந்த என் கணவரையும் என்னையும் பார்த்துச் சொன்னார்.

"இன்னையோட சரி. என் வூட்லேர்ந்து எவ அவன் வாசப்படிய மிதிச்சாலும் காலை வெட்டுவேன். அவன் வூட்லேர்ந்து எவ என் வாசப்படிய மிதிச்சாலும் காலை வெட்டுவேன். எங்கப்பன் மேல ஆணை."

சொன்னால் செய்கிற மனிதர். பெண்டாட்டியை அறைவேன் என்று சொல்லி அறையாமல் விட்ட நாள் கிடையாது.

பிறகு மேஸ்திரி மளமளவென்று வேலையை முடித்தார். மோட்டுவளையைச் சுவரோடு சுவராக அறுத்தார். எஸ்டிமேட்டில் இல்லாத ஒரு தூணையும் எங்கள் பக்கம் நட்டார். சீமை ஓட்டுக்குச் சரிவு அதிகம் வேண்டும் என்று எங்கள் கூரையை உயர்த்தினார். அதற்குத் தோதாக மண் சுவரையும் உயர்த்தி, முகட்டில் மட்டும் ஒரு சாண் இடைவெளி விட்டார். எங்கள் உயரக் கூரையும் அவர்கள் தாழ்ந்த கூரையும் சேரும் இடத்தைத் தகரம் வைத்து அடைக்க வேண்டும், அது எஸ்டிமேட்டில் சேராது என்றார். தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று கேட்டேன். "அந்தாண்டதாம்மா" என்றார். "அப்போ வேணாம்" என்றேன். அன்றைக்கு அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பக்கம் கூரையில் இரண்டு ஆண்பிள்ளைகள் விழுந்த ஓட்டை. பாதி ரம்பம் பட்ட மோட்டுவளை நுனி தொங்கிக்கொண்டிருந்தது. மூத்தார் கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். வண்டி ஓடவில்லை. ஓரகத்தி நாலு ஓலையைத் தூக்கிப் போட்டாள், கடல் காற்று அதைத் தெருக்கோடியில் கொண்டுபோய்ப் போட்டது.

ஐப்பசி பிறந்ததும் எனக்குப் பெண் பிறந்தாள். பச்சை உடம்போடு நான் படுத்திருந்த ஒரு பகலில் அடைமழை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பழைய பயத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. மூலைக்கு மூலை போய்த் தடவிப் பார்த்தேன். தரை பொரி மாதிரிக் காய்ந்து கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. "பெய்யி நாயே, பெய்யி! உன்னால ஆனதப் பாத்துக்கோ!" என்று மழையைத் திட்டினேன். என் பெண் தூளியில் புது வளையிலிருந்து தொங்கிக்கொண்டு தூங்கினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது சுவருக்கு மேலிருந்த அந்த ஒரு சாண் இடைவெளி வழியாக இருமல் வந்தது.

நாய்க்குட்டி குரைப்பது போல. அதற்குப் பிறகு மூச்சு இழுக்கும்போது ஒரு கீச்சு.

 காதைப் பொத்திக்கொண்டேன். கையை எடுத்தேன். மறுபடி வந்தது. உலகத்தில் அந்த ஒரு சத்தத்தை நான் தப்பாக அடையாளம் காண மாட்டேன்.

"அக்கா!" என்று கத்தினேன். "புள்ளைய எங்க போட்டுகீற?"

"எங்கடி போடறது? தொங்கற வளையில தூளி கட்ட முடியல. தரையெல்லாம் தண்ணி. தோள்லயே வெச்சிகினு நிக்கிறேன். என் மேலயும் ஊத்துது."

"எடுத்துகினு இங்க வா."

"எப்படிடி வருவேன்? வாசப்படிய மிதிச்சா காலை வெட்டுவேன்னு ஆணை வெச்சிகீறாரே. வாசல்லயே கத்தியோட குந்திகினு கீறாருடி."

குழந்தை இருமியது. என் கணவர் பள்ளிக்கூடத்தில். தெருவில் ஓர் ஈ காக்கை இல்லை. நான் மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தேன்.

பிள்ளை பெற்ற உடம்பு. முதல் குத்தில் அடிவயிறு பிய்த்துக்கொண்டு போவது போல வலித்தது. கடப்பாரை சுவரில் ஒரு விரல் அளவு இறங்கியது. இரண்டாவது குத்தில் ஒரு கட்டி பெயர்ந்தது. தொடை வழியாக ரத்தம் இறங்குவது தெரிந்தது, இறங்கட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு குத்துக்கும் ஒருவரைத் திட்டினேன். கயிறு பிடித்து அளந்த பெரியவர்களைத் திட்டினேன். மேஸ்திரியைத் திட்டினேன். பேப்பர் படிக்கிற என் புருஷனைத் திட்டினேன். வாசலில் நின்ற வண்டியை, அசைபோட்ட காளைகளை, செத்துப்போன மாமனாரைக்கூட விடவில்லை. என் பெண் விழித்துக்கொண்டு வீறிட்டாள். சுவரில் முட்டி உயரத்துக்கு ஓட்டை விழுந்து மண் அந்தப் பக்கம் சரிந்தது.

"எவடி அவ சுவத்த இடிக்கிறது!" மூத்தார் வாசலிலிருந்து எழுந்து வந்துவிட்டார். ஓட்டை வழியாக அவருடைய இரண்டு கால்கள் தெரிந்தன, ஒன்றில் நான் கடித்த வடு. இடது கையில் வெட்டுக்கத்தி தொங்கியது.

அதுவரை நான் அவரோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடித்திருக்கிறேன், பேசியதில்லை.

"நான்தான்!" என்றேன். "வாசப்படிய மிதிச்சாதானே காலை வெட்டுவீங்க? இங்க வாசப்படி எங்க கீது? காட்டுங்க பாப்பம். சுவத்துல ஓட்டை கீது. ஓட்டைய மிதிச்சா வெட்டுவேன்னு உங்கப்பா மேல ஆணை வெச்சீங்களா? வெக்கலயே! அக்கா, குனிஞ்சு புள்ளையக் குடு!"

  பிறகு குழந்தை இருமியது. இந்தத் தடவை கீச்சு நீளமாக வந்தது. அந்த இரண்டு கால்களும் ஓர் அடி பின்னால் நகர்ந்தன.

ஓரகத்தி சேற்றில் மண்டியிட்டு அவனை ஓட்டை வழியாகத் தள்ளினாள். ஈரத் துணி மூட்டையாக என் கைக்கு வந்தான். துணியை உரித்து எறிந்து, என் புடவைக்குள் போட்டு, என் சூட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். அவளும் தவழ்ந்து வந்தாள். அடுப்பை மூட்டினோம், நொச்சி போட்டு ஆவி பிடித்தோம், நெஞ்சில் சூடாக எண்ணெய் தடவினோம். அவன் பிழைத்துக்கொண்டான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரையும் தவிக்கவிட்டுக் கதை சொல்கிற வழக்கம் எனக்கில்லை. இருமல் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கீச்சு நின்றது. ஓரகத்தி என் தோளில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். நானும் என் மூத்த பெண்ணுக்காக அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

மூத்தார் அந்தப் பக்கமே இருந்தார். அவர் தலையில் தண்ணீர் கொட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

மழை சற்றே தணிந்தபோது, ஓட்டை வழியாக ஒரு கை நீண்டது. இடது கை. அதில் ஒரு துணி. வாங்கிப் பார்த்தேன், தூளித் துணி. வீடு முழுக்க நனைந்து கிடக்க, அது மட்டும் காய்ந்து சூடாக இருந்தது. உடைந்த கையின் கட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் செருகி வைத்திருந்திருக்கிறார்.

"இத்தக் கட்டு" என்றார், முகத்தைக் காட்டாமல். "தூளி இல்லன்னா தூங்க மாட்டான்."

நான் உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, என் பெண்ணின் தூளிக்குப் பக்கத்தில் புது வளையில் கயிறு போட்டேன். முடிச்சுப் போடும்போது அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி குரல் வந்தது.

"ரெண்டு தூளி. வளை தாங்குமா?"

அந்தக் கூரையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரோ கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான்.

"எனக்கு இன்னா தெரியும்?" என்றேன். "இந்தாண்ட வந்து நீங்களே பாருங்க."

 பிறகு சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீரில், வெட்டுக்கத்தி விழுந்த சத்தம் கேட்டது.